இலைக்கும் ஊசிமருந்துக்கும் நடுவே என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: "ஏதோ ஒரு செடியின் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் ஒன்றும் மருந்தாக வந்து சேர்வதில்லையே, ஏன்? இயற்கையில் கிடைப்பதற்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் கம்பெனிகள் அமுக்கிவிடுகின்றனவா? அம்மாவுக்கு இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அந்த இலையையே கஷாயம் வைத்துக் கொடுத்தால் என்ன?"

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். கீமோ முடியும்வரை எந்தக் கஷாயத்தையும், பொடியையும், மூலிகை மாத்திரையையும் அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மூலிகை என்றாலே கெடுதல் என்பதால் சொல்லவில்லை. நம் கல்லீரலில் சி.ஒய்.பி.3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. மருந்துகள் பலவற்றையும் உடைத்து வெளியேற்றுவது அதுதான். சில செடிகள் அந்த நொதியின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். மனச்சோர்வுக்காக மேற்கு நாடுகளில் பலர் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடிகான் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. ரத்தத்தில் அந்த மருந்தின் வேலை செய்யும் வடிவம் 42 சதவீதம் குறைந்திருந்தது. ஊசி ஏறியிருக்கும், பக்கவிளைவு குறைந்தது போலக்கூடத் தோன்றும்; உள்ளே மருந்து ஏறக்குறைய பாதிக்கு வந்திருக்கும். நொதியைத் தடுக்கும் செடியாக இருந்தால் இதற்கு நேர்மாறு. அளந்து கொடுத்த மருந்து அளவை மீறி ரத்தத்தில் தேங்கும். பாசத்தோடு கொடுத்த ஒரு டம்ளர் கஷாயம் இவற்றில் எதைச் செய்யும் என்று நீங்களும் நானும் இங்கிருந்து சொல்ல முடியாது.

சரி, இனி பெரிய கேள்விக்கு வருகிறேன். நான் பல வருடம் செடிச் சாறுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

"ஒன்றும் மருந்தாக வருவதில்லை" என்பது சரியல்ல. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின், வினோரெல்பின், பாக்லிடாக்செல், டோசிடாக்செல், டோபோடிகான், இரினோடிகான், எடோபோசைடு: புற்றுநோய் வார்டுகளில் தினமும் ஏறும் இந்த மருந்துகள் எல்லாம் செடிகளில் தொடங்கியவை. அம்மாவுக்கு ஏறும் கீமோவே ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். வருவதில்லை என்று தோன்றுவதற்குக் காரணம், இலையாக உள்ளே போனது வெளியே வரும்போது அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். அதற்கு 20, 30 வருடம் ஆகியிருக்கும்.

உதாரணத்துக்கு நித்தியகல்யாணியின் கதையைப் பாருங்கள். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டு வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்ட பூச்செடி. சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் பல தீவுகளில் இருந்தது. 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் 25 இலைகள் கனடாவில் இருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அவர் அவற்றைத் தன் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். எலிகளுக்கு அந்தச் சாற்றை வாய்வழியாகக் கொடுத்தால் சர்க்கரை அளவு அசையவே இல்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் சில நாளில் கிருமித்தொற்று வந்து செத்தன.

இந்த இடத்தில் "பயனில்லை, நஞ்சு" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். நோபிளும் அவரோடு சேர்ந்த வேதியியலாளர் சார்லஸ் பியரும் அப்படிப் போகவில்லை. ஏன் தொற்று வந்தது என்று பார்த்தார்கள். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, அவற்றை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. வெள்ளணு பெருகுவதையே நிறுத்தும் ஒரு பொருள், வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் 1958-இல் வின்பிளாஸ்டின் வெளியே வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழுவும் தனியே அதே செடிக்கு வந்து சேர்ந்திருந்தது. வின்கிறிஸ்டின் அங்கே பிரிக்கப்பட்டது. 1963-இல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் லிம்போ வகை ரத்தப் புற்றுநோயில் அந்த நாட்களில் பத்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே பெரிது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. பல மருந்துகள் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்தக் கூட்டில் வின்கிறிஸ்டின் இல்லாத சிகிச்சைத் திட்டத்தைப் பார்ப்பது அரிது.

இந்த இரண்டு மூலக்கூறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அணுக்கள் ஏறத்தாழ நூறு கொண்ட பெரிய உருவங்கள். வித்தியாசம் ஒரே ஒரு மூலையில்தான். ஒரு நைட்ரஜனில் ஒட்டியிருக்கும் ஒற்றைக் கார்பன், வின்பிளாஸ்டினில் மெத்திலாக இருக்கிறது. வின்கிறிஸ்டினில் அதில் ஓர் ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் வின்பிளாஸ்டின் அளவு கூடினால் அடிவாங்குவது மஜ்ஜை. வின்கிறிஸ்டின் அளவு கூடினால் அடிவாங்குவது நரம்பு: விரல்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரியவர்களுக்குக்கூட ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அதுவும் ரத்தநாளத்தில் மட்டும். தவறிப்போய்த் தண்டுவட நீரில் செலுத்திவிட்டால் உயிர் போய்விடும். அந்த இலையில் ஆல்கலாய்டுகள் எனப்படும் நைட்ரஜன் கொண்ட வீரியமான பொருள்கள் நூற்றுக்கும் மேல் கலந்து கிடக்கின்றன. வின்கிறிஸ்டின் அவற்றில் மிகச் சொற்பம். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோ காய்ந்த இலைக்கு மேல் வேண்டும், வின்கிறிஸ்டினுக்கு அதைவிடப் பல மடங்கு. இலையை வேகவைத்துக் குடிப்பவருக்கு மருந்து கிடைக்கப்போவதில்லை, மற்ற நூறும் கிடைக்கும்.

செடி ஏன் இப்படி ஒரு பொருளைச் செய்கிறது என்று கேட்டால், நமக்காக இல்லை. செடியால் ஓட முடியாது. கடிக்க வரும் பூச்சியையும் விலங்கையும் தடுக்க அதற்கு இருப்பது வேதியியல் மட்டுமே. அதனால் கோடிக்கணக்கான வருடங்களாக விலங்குச் செல்லின் முக்கியமான உறுப்புகளைக் குறிவைக்கும் நஞ்சுகளை அது செதுக்கி வந்திருக்கிறது. டியூபுலின் அப்படிப்பட்ட ஓர் உறுப்பு. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறுகள் இந்தப் புரதத்தால் ஆனவை. நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கா மருந்துகள் கயிறு திரிய விடாமல் தடுக்கின்றன. வேகமாகப் பிரியும் செல் முதலில் சாகும். புற்றுநோய்ச் செல் வேகமாகப் பிரிகிறது. மஜ்ஜையும், குடலின் உள்சுவரும், தலைமுடியின் வேரும் அப்படித்தான். கீமோவில் முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் இதனால்தான். ஆகவே இந்தத் துறையில் நஞ்சைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை. நோயாளி தாங்கும் அளவுக்கும் கட்டி சாகும் அளவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதிலும், இல்லையென்றால் அதை உண்டாக்குவதிலும்தான் ஆயுள் போகிறது.

பாக்லிடாக்செல் கதையில் இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960-இல் விவசாயத் துறையோடு சேர்ந்து செடிகளைச் சலித்துத் தேடும் வேலையைத் தொடங்கியது. 1982-இல் அந்தத் திட்டத்தை நிறுத்துவதற்குள் சுமார் 35,000 செடியினங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாறுகளைச் சோதித்துவிட்டார்கள். அந்தத் திட்டத்துக்காக 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்து எடுத்தார். மரம் வெட்டுபவர்கள் குப்பை என்று எரித்துவந்த மரம் அது. மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் வட கரோலினாவில் அந்தப் பட்டையிலிருந்து செயலுள்ள பொருளான பாக்லிடாக்செலைத் தனித்தெடுத்து 1971-இல் அமைப்பை வெளியிட்டார்கள்.

அப்புறம் பல வருடம் அது கிடப்பில் கிடந்தது. யாரும் சதி செய்யவில்லை. நீரில் கரையாது, பட்டையில் இருப்பதோ பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகளில் பெரிதாக ஒன்றும் செய்யவும் இல்லை. இப்படி ஒரு மூலக்கூறு மேசைக்கு வந்தால் ஒதுக்கிவைப்பதுதான் வழக்கம். அதைத் திருப்பி எழுப்பியது 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கண்டுபிடிப்பு. வின்கா மருந்துகள் டியூபுலின் கயிற்றைத் திரிய விடாமல் தடுக்கும் என்றேன் அல்லவா? இது நேர் எதிர். கயிற்றை அவிழவிடாமல் இறுக்கிப் பூட்டிவிடுகிறது. பிரியும் செல் கட்டிய கயிற்றைக் கலைக்க முடியாமல் நடுவழியில் நின்று சாகிறது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்ததும் உழைக்க ஆள் வந்தார்கள்.

1984-இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. உடனே அடுத்த சிக்கல். கரையாத மருந்தைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானைச் சேர்த்திருந்தார்கள். பலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. சோதனை அங்கேயே நின்றிருக்கும். மெதுவாக, மணிக்கணக்கில் ஏற்றுவது, அதற்கு முன்னால் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுப்பது என்று வழி கண்டுபிடித்தார்கள். இன்றும் இந்த ஊசிக்கு முன்னால் அந்த முன்மருந்துகள் போடப்படுவது இதனால்தான். 1989-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள், வேறெந்த மருந்துக்கும் அடங்காத சினைப்பைப் புற்றுநோயில் பத்தில் மூன்று பேருக்குக் கட்டி சுருங்கியது என்று அறிவித்தார்கள். அந்த நோயில் அப்போது அது பெரிய செய்தி.

ஆனால் மருந்துக்கு எங்கே போவது? நூறு வயது மரத்தை உரித்தால் 3 கிலோ பட்டை போலக் கிடைக்கும். அதில் ஒரே ஒரு தடவைக்கான மருந்துதான் தேறும். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். யூ மரம் மிக மெதுவாக வளர்வது. ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சைக்குப் பல மரங்கள் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்? காட்டைக் காக்க நின்றவர்களும் நோயாளிகளுக்காக நின்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இதைத் தீர்த்தது வேதியியல். பிரான்சில் பியர் போத்தியேயின் குழு, ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் மருந்தின் முக்கால் பாகம் ஏற்கெனவே கட்டப்பட்ட ஒரு மூலக்கூறு தாராளமாக இருப்பதைப் பார்த்தது. ஒரு கிலோ பச்சை இலையில் 1 கிராம் வரை. இலையைக் கிள்ளினால் மரம் மறுபடி துளிர்க்கும். அந்த மூலக்கூறில் பக்கக் கிளையை ஆய்வகத்தில் ஒட்டவைத்தால் மருந்து தயார். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹோல்டன் அந்த ஒட்டுவேலைக்கு நல்ல வழி கண்டுபிடித்தார். போத்தியேயின் குழு பக்கக் கிளையைச் சற்று மாற்றி ஒட்டியதில் டோசிடாக்செல் என்ற புது மருந்தும் கிடைத்தது. பாக்லிடாக்செலுக்கு அமெரிக்க அனுமதி 1992 டிசம்பரில் வந்தது. பட்டையை உரித்த நாளிலிருந்து 30 வருடம்.

காப்புரிமைக் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பாக்லிடாக்செல் மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடையாது. அப்படியிருந்தும் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில வருடங்களிலேயே உலகில் அதிகம் விற்ற புற்றுநோய் மருந்துகளில் ஒன்றாக அது ஆனது. ஒட்டுவேலை முறைக்கான காப்புரிமையால் ஹோல்டனின் பல்கலைக்கழகத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் உரிமத் தொகை வந்தது. மூலக்கூறு இயற்கையில் இருந்தாலும் அதைச் செய்யும் முறை, கொடுக்கும் வடிவம், சற்று மாற்றிய புது வடிவம் எல்லாவற்றுக்கும் காப்புரிமை வாங்கலாம். வேலை செய்யும் மூலக்கூறு ஒன்று கிடைத்தால் அதை அமுக்குவதைவிட விற்பதில்தான் லாபம். மருந்துக் கம்பெனிகள்மேல் எனக்கு வேறு குறைகள் உண்டு. மடகாஸ்கரின் செடியில் பெரும் பணம் ஈட்டப்பட்டபோது அந்த நாட்டுக்கு அதில் பங்கு எதுவும் போகவில்லை. செடி எந்த நாட்டுடையதோ அதற்குப் பங்கு வேண்டும் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 1992-இல்தான் வந்தது, அதற்கான விரிவான விதிகள் 2010-இல் ஜப்பானின் நகோயா நகரில். இவை நியாயமான குறைகள். அமுக்கிவிட்டார்கள் என்பது மட்டும் பொருந்தவில்லை.

இன்னொரு மரத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தோல்வியிலிருந்து திரும்பியது. சீனாவில் மகிழ்ச்சி மரம் என்று அழைக்கப்படும் ஒன்றிலிருந்து அதே வால், வானி இருவரும் 1966-இல் காம்ப்டோதெசினைப் பிரித்தார்கள். நீரில் கரையாததால் சோடியம் உப்பாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்தது, மருந்தோ எதிர்பார்த்த அளவு கேட்கவில்லை. 1970-களிலேயே கைவிட்டார்கள். காரணம் பின்னால்தான் புரிந்தது. உப்பாக்கும்போது மூலக்கூறில் ஒரு வளையம் திறந்துகொள்கிறது, வேலை செய்வதே அந்த வளையம் மூடியிருந்தால்தான். சிறுநீரின் அமிலத்தன்மையில் அது மறுபடி மூடிக்கொண்டு, இருக்கக்கூடாத இடத்தில் வேலையைக் காட்டியிருக்கிறது. 1985-இல் இது டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதியைத் தாக்குகிறது என்று தெரிந்தது. டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்த ஓர் இழையை வெட்டி மறுபடி ஒட்டும் நொதி அது. மருந்து, வெட்டிய பின் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குறி தெரிந்ததும் வளையத்தைக் காப்பாற்றி, நீரில் கரையும் வால் ஒன்றை ஒட்டி வேதியியலாளர்கள் இரண்டு மருந்துகளைச் செய்தார்கள். டோபோடிகான், இரினோடிகான் இரண்டுக்கும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த நஞ்சைச் செய்யும் மரம் தான் மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். அதன் டோபோஐசோமரேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, மருந்து அங்கே ஒட்டுவதில்லை. புற்றுநோய்ச் செல்கள் இந்த மருந்துக்குத் தப்பப் பழகும்போதும் அதே இடத்தில் அதே மாற்றம் வந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

எடோபோசைடை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மே ஆப்பிள் என்ற செடியின் வேர்ப்பிசினில் இருக்கும் போடோபில்லோடாக்சின், டியூபுலினைத் தாக்குவது. அதைச் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் சற்று மாற்றி 1966-இல் எடோபோசைடைச் செய்தார்கள். மாற்றியதில் குறியே மாறிவிட்டது. டியூபுலினை விட்டுவிட்டு, டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் இன்னொரு நொதியைப் பிடித்தது. செடி கொடுத்தது தொடக்கம். நோயாளிக்குப் போகும் மருந்து அந்தச் செடியில் இல்லாத ஒன்று.

இப்போது அந்தச் செய்திகளுக்கு வருவோம். தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள்மேல் ஒரு சாற்றை ஊற்றினால் செத்தன. உண்மையாகவே செத்திருக்கும். ஆனால் அந்தத் தட்டில் உப்பை அதிகமாகப் போட்டாலும் சாகும், சோப்பை ஊற்றினாலும் சாகும். செடிச்சாறுகளில் டானின்கள் உண்டு, கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்பவை. சபோனின்கள் உண்டு, சோப்பைப் போலச் செல்லின் தோலையே கிழிப்பவை. நான் வேலை செய்த காலத்தில் "ஆகா" என்று துள்ளவைத்த சாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிந்தன. சாற்றைப் பத்தாகப் பிரித்து, எதில் வீரியம் இருக்கிறது என்று பார்த்து, அதை மறுபடி பத்தாகப் பிரிப்போம். மாதக்கணக்கில் போய்க் கடைசியில் கையில் நிற்பது டானின், அல்லது முப்பது வருடம் முன்பே யாரோ பிரித்து ஒதுக்கிய பழைய மூலக்கூறு.

அளவையும் பாருங்கள். பாக்லிடாக்செல் தட்டில் ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே செல் பிரிவதை நிறுத்துகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்குப் பெரும்பாலும் அதைப்போல ஆயிரம் மடங்கு வேண்டியிருக்கிறது. தட்டில் ஆயிரம் மடங்கு ஊற்றலாம், உடம்பில் எப்படிக் கொண்டுபோவது? ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமினை விழுங்கச் சொன்ன சோதனைகளிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது மிகச் சொற்பம். குடல் அதிகம் உறிஞ்சுவதில்லை, உறிஞ்சியதைக் கல்லீரல் உடனே மாற்றிவிடுகிறது, மீதியும் நம் ரத்தத்தின் காரத்தன்மையில் வேகமாகச் சிதைகிறது. போதாததற்கு, அது பல ஆய்வகச் சோதனைகளில் ஒளிர்ந்தும் ஒட்டியும் பொய்யான விடையைக் காட்டும் வகையைச் சேர்ந்தது. மருந்து வேதியியலாளர்கள் சிலர் 2017-இல் இதையெல்லாம் தொகுத்து எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், முறையாகக் கட்டுப்படுத்திய சோதனை எதிலும் குர்குமின் தேறவில்லை என்று அவர்கள் சொன்னபோது பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வருத்தம்தான் வந்தது. நானும் அதை நம்பிப் பார்த்தவர்களில் ஒருவன்.

தட்டைத் தாண்டினால் எலி. எலியைத் தாண்டினால் முதல் கட்டச் சோதனை, எவ்வளவு தாங்குகிறார்கள் என்று பார்க்க. இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்பது. மூன்றாம் கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் சிகிச்சையைவிட நல்லதா என்பது, நூற்றுக்கணக்கான பேரிடம். மனிதச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூட அனுமதிவரை போவதில்லை. ஆய்வகத்தில் செய்தவற்றுக்கும் இதே கதிதான், செடிக்கென்று தனி அநீதி இல்லை.

நேரடியாகச் சாப்பிட்டுப் பார்த்த கதைகளும் இருக்கின்றன. பாதாமி எனப்படும் ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைப் பருப்பில் இருக்கும் அமிக்டலினை "லேட்ரைல்" என்ற பெயரில் 1970-களில் அமெரிக்காவில் ஏராளமானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர்கள் மறைக்கிறார்கள் என்று அப்போதும் பேச்சு. கடைசியில் முறையாகவே சோதித்தார்கள். 178 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1982-இல் வந்தது. யாருக்கும் நோய் குணமாகவில்லை, நிலைக்கவும் இல்லை. சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. முள்ளுச்சீத்தாவும் இன்று அதே போலப் பரவுகிறது. அதில் இருக்கும் அனோனாசின் தட்டில் செல்லைக் கொல்வது உண்மை. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் சாப்பிட்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டது, அந்த மூலக்கூறின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. உங்கள் செய்தியில் வந்த இலை எது என்று நீங்கள் சொல்லவில்லை. இதுவாக இருந்தால் தயவுசெய்து அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

இந்தத் துறை முடிந்துபோய்விட்டதா என்றால், இல்லை. இரண்டு இடங்களில் இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

ஒன்று, செடி இல்லாமலே செடியின் மூலக்கூறைச் செய்வது. பாக்லிடாக்செலைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கும் யூ மரச் செல்களிலிருந்தே இப்போது எடுக்கிறார்கள், மரத்தைத் தொடவே வேண்டாம். 2015-இல் ஸ்டான்போர்டில் எலிசபெத் சாட்டலியின் ஆய்வகம், எடோபோசைடுக்கு முந்தைய மூலக்கூறைச் செய்யும் மரபணுக்களை முழுவதும் கண்டுபிடித்துப் புகையிலை இனச் செடி ஒன்றுக்கு மாற்றியது. 2022-இல் ஜே கீஸ்லிங்கின் குழு, நித்தியகல்யாணி 30-க்கும் மேற்பட்ட படிகளில் செய்யும் வேலையை ஈஸ்டுக்குள் ஏற்றி வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் எடுத்துக் காட்டியது. ஒரு விளைச்சல் பொய்த்தாலோ ஒரு தொழிற்சாலை நின்றாலோ குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் நிலை மாற இது உதவும்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. எத்தியோப்பியாவில் எடுத்த ஒரு புதர்ச்செடியிலிருந்து மாரிஸ் குப்சன் என்ற வேதியியலாளர் 1972-இல் மேட்டான்சின் என்ற மூலக்கூறை வெளியிட்டார். வின்கிறிஸ்டினைவிடப் பல மடங்கு வீரியம். அதுவே அதன் குற்றமாகவும் ஆனது: மனிதர்கள் தாங்கும் அளவில் கட்டி அசையவில்லை, கட்டி அசையும் அளவை மனிதர்கள் தாங்கவில்லை. 1980-களில் கைவிட்டார்கள். நான் முன்னால் சொன்ன அந்த இடைவெளி அதற்கு இல்லவே இல்லை. பிறகு, புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பை மட்டும் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்புரதங்கள் வந்தன. மேட்டான்சினின் உறவான ஒன்றை அந்தப் புரதத்தின் முதுகில் கட்டி அனுப்பினார்கள். வழியில் அது கட்டுக்குள் இருக்கும். செல்லுக்குள் இழுக்கப்பட்ட பின்தான் அவிழும். செல்லின் மேற்பரப்பில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை மார்பகப் புற்றுநோய்க்கு 2013-இல் டிராஸ்டுசுமாப் எம்டான்சின் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. இதே வழியில் காம்ப்டோதெசின் குடும்பத்து மூலக்கூறுகளைச் சுமந்து போகும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் 2019-இலும், சாசிடுசுமாப் கோவிடிகான் 2020-இலும் வந்தன. அளவுக்கு மீறிய நஞ்சு என்று ஓரங்கட்டிய பழைய மூலக்கூறுகளை இப்போது திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் தன் குளிர்ப்பெட்டிகளில் இருக்கும் சாறுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கேட்கும் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறது.

அம்மாவின் சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயரைப் பாருங்கள். "டாக்செல்" என்று முடிந்தால் யூ மரம். "வின்" என்று தொடங்கினால் நித்தியகல்யாணி. "டிகான்" என்று முடிந்தால் மகிழ்ச்சி மரம். "போசைடு" என்று முடிந்தால் மே ஆப்பிள். எது என்று எழுதுங்கள், அந்த மருந்து ஏறும் நாட்களில் எதைக் கவனிக்கவேண்டும், மருத்துவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்று தனியாகச் சொல்கிறேன்.